ஏகமனதாக

கிராம சபை காலை பதினொன்றுக்கு என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனால், கன்னியம்மாள் பத்தேகாலுக்கே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். வெள்ளானூரைத் தாண்டி இருக்கும் அந்த ஊராட்சியில் அவளைத் தெரியாத அதிகாரி கிடையாது. ஐம்பத்திரண்டு வயது. பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்ட பிறகு பக்கத்து அடுக்குமாடியில் படிக்கட்டு பெருக்குகிறாள். தெருவிளக்கு எரியவில்லை, குடிதண்ணீரில் புழு வருகிறது, எதுவானாலும் எழுந்து நின்று கேட்டுவிடுவாள்.

"வந்துட்ச்சிப்பா நம்ம சி.ஐ.டி. அக்கா," என்று தலைவர் ராஜசேகரன் கையெடுத்துக் கும்பிடுவார். கூட்டம் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்பாள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் வடியும் கால்வாய் ஒன்று போனது. லேஅவுட்காரன் ஒருவன் அதில் மண்ணைக் கொட்டி ரோடு போட்டுவிட்டான். அந்தக் கார்த்திகையிலேயே வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு மூட்டை அரிசி, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரம், கட்டில், மெத்தை எல்லாம் போயின. சுவர் ஒன்று விரிசல் விட்டு நிற்கிறது. இன்னொரு மழையை அது தாங்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மழைக்குள் கால்வாயைத் திறந்தாக வேண்டும். அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

குடியரசு தினக் கூட்டத்தில் கேட்டாள். பார்க்கிறோம் என்றார்கள். மே தினத்தில் கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அடுக்குமாடி மூன்றாவது மாடியில் குடியிருந்த நிவேதிதா, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மதுரைப் பெண், இதைக் கேட்டுவிட்டு, "ரோடு போட யாரு அனுமதி குடுத்தாங்கன்னு எழுதிக் கேட்போம்க்கா. சட்டம் இருக்கு," என்று மனு எழுதிக் கொடுத்தாள். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது.

நிவேதிதா அதை உரக்கப் படித்தாள். "கால்வாய் பயன்பாட்டில் இல்லாத காரணத்தால், அவ்விடத்தில் பாதை அமைக்க ஆட்சேபணை இல்லையெனக் கிராம சபையில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அதன் கீழே இருநூற்றுப் பதினோரு கையெழுத்துகள். முதல் கையெழுத்து கன்னியம்மாளுடையது.

அந்தத் தாள் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வருகைப்பதிவு என்று வெற்றுத்தாளை நீட்டுவார்கள். எப்போதும் முதலில் வருகிறவள் அவள்தான், முதலில் போடுகிறவளும் அவள்தான். தீர்மானத்தின் தேதி போன வருஷத்துச் சுதந்திர தினம். அன்றைக்கு அதே கால்வாயில் மண் கொட்டுகிறார்கள் என்று அரைமணி நேரம் கத்தியிருக்கிறாள். கத்தியது ஒரு வரிகூட இல்லை. போட்டது மட்டும் இருந்தது.

சுதந்திர தினக் கூட்டத்தில் நகலைத் தூக்கிப் பிடித்தாள். ராஜசேகரன் பதறவேயில்லை. "யக்கா, இது நான் போட்ட தீர்மானமா? ஊரே போட்டது. நீயே முதல் கையெழுத்து. மாத்தணும்னா ஊரே இன்னொரு தீர்மானம் போடட்டும். இருநூறு பேர இட்டாந்து கையெழுத்து வாங்கு, நான் வேணாங்கல."

ஒன்றரை மாதம் அவள் ஏறாத படியில்லை. வேலை முடிந்து வந்ததும் நகலை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனாள். "பாரு, உன் கையெழுத்து. இது உன் மாமனாரோடது. நம்மள வச்சே நம்ம காவாய மூடிகீறாங்க. ரெண்டாந்தேதி வந்து நிக்கணும்." எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துத் திட்டினார்கள். வருவதாகவும் சொன்னார்கள். நிவேதிதா மட்டும் தயங்கினாள். அந்த ரோடுதான் அவள் குடியிருப்புக்கு வழி. "என் பேர் வேண்டாம்க்கா. அசோசியேஷன்ல தப்பா நெனைப்பாங்க," என்றாள்.

அக்டோபர் இரண்டாம் தேதி ஊர் திரண்டுதான் வந்தது. கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள். உள்ளே வந்து கையெழுத்துப் போட்டது முப்பத்தெட்டுப் பேர்.

கன்னியம்மாள் வெளியே ஓடினாள். "இன்னாடி லோகநாயகி, இங்கயே நின்னுகினு கீற? உள்ள வா."

பக்கத்து வீட்டு லோகநாயகி கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "உன் பக்கந்தாங்க்கா நாங்க. கையெழுத்து மட்டும் கேக்காத. வெறும் பேப்பர்ல போட்டா இன்னா எழுதுவானுங்கன்னு நீதான ஊடு ஊடா வந்து காட்ன?"

"இந்த தபா நம்மளுக்கோசரம்டி."

"அப்ப மொதல்ல எழுதச் சொல்லு. படிச்சுட்டுப் போடுறோம்."

நியாயம்தான். கன்னியம்மாள் உள்ளே போய் ஊராட்சிச் செயலரிடம் கேட்டாள். அவர் பேனாவை மூடிவைத்தார். "கூட்டமே சேரலையேம்மா. இருநூறு கையெழுத்து விழட்டும், அப்புறம் தீர்மானம் எழுதுறேன். அதான் விதி."

மறுபடி வெளியே போனாள். மறுபடி உள்ளே வந்தாள். பன்னிரண்டரை மணி வரை அந்தச் சுவருக்கும் மேஜைக்கும் நடுவே நடந்தாள். குரல் கட்டிப்போயிற்று. ஒருவர் தோளைத் தொட்டுக் கெஞ்சினாள், ஒருவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏச்சு வாங்கியவர் வீட்டுக்கே போய்விட்டார். ஆள் போதாமல் கூட்டம் ஒத்திவைக்கப்படுவதாகச் செயலர் அறிவித்தார்.

ராஜசேகரன் சட்டையை நீவிக்கொண்டு எழுந்தார். அவர் குரலில் கோபமில்லை, உண்மையான பாராட்டே இருந்தது. "பத்து வருசமா விழிப்புணர்வு, விழிப்புணர்வுன்னு கவருமெண்டே தொண்டத்தண்ணி வத்தக் கத்துது. ஒரே ஆளா நீ கொண்டாந்துட்ட யக்கா."

ஒத்திவைத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் கடைசி வாரம், மூன்றாம் நாள் மழையில், விரிசல் விட்ட சுவர் பின்பக்கமாகச் சாய்ந்தது. கன்னியம்மாள் அப்போது அடுக்குமாடியில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். லோகநாயகிதான் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். கன்னியம்மாள் அழவில்லை. மிச்சமிருந்த இரண்டு படிகளின் தண்ணீரையும் தள்ளி முடித்துவிட்டுத்தான் புறப்பட்டாள்.