கோலுக்கு முன்னால நின்ன மப்ளர்க்காரரு

புட்பால் மேட்சுல தோத்ததுக்கு அந்தக் கீப்பரப் போட்டுத் திட்டறாங்க பாரு அம்மிணி, அது தப்பு. கோல் கம்பத்துக்குப் பின்னால கடலக்கா விக்கறவ, எனக்குத் தெரியாதா?

நம்ம எஸ்டேட் டீமுல கீப்பருக்கு முன்னால பேக்குல நின்னு தடுப்பாரே, மப்ளர் கட்டுன நெட்டை மனுசன், அவரு இருந்தா பந்து இந்தப் பக்கம் வராது. பனி எறங்கிட்டா எதிர்க்கோடி தெரியாது. அங்க சத்தம் கேட்டா என்னைத்தான் கேப்பாரு, "நம்ம கோலுங்களா ஆத்தா?"

"ஆமாஞ்சாமி, நம்ம பசங்க சத்தந்தான். நீயும் போயிக் கட்டிப்புடிச்சு ஆடு."

"நான் போனா இங்க யாருங்க நிப்பாங்க?"

நேத்துக் காச்சல்ல படுத்துட்டாரு. எதுத்து ஆடுன செம்மநத்தத்துக்காரங்க அஞ்சு கோல் போட்டாங்க. டீமுல ஒருத்தனும் அவர எட்டிப் பாக்கல. நாந்தான் கஞ்சி கொண்டுபோயி விசயத்தச் சொன்னேன்.

"நான் இல்லாம அஞ்சுங்களா?"ன்னு சிரிச்சாரு அம்மிணி. நம்ம டீம் தோத்ததுக்கு எதுக்குச் சிரிக்கோணும்? நொம்ப நேரம் சிரிச்சுட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு.

இரு, மழ தூறுது. வாசல்ல காயற காப்பிக்கொட்டைய உள்ள அள்ளிப் போட்டுட்டு வாரேன்.