பினாமிப் புகை

போன செவ்வாய்க்கிழமை காலை நண்பரின் மகள் நிவேதா லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். காபியை ஆறவிட்டுவிட்டு கிராஃப் காட்டும் ரகம். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். காவிரி டெல்டாவில் அரை நூற்றாண்டாக எவ்வளவு டீசல், பெட்ரோல், நிலக்கரி எரிந்தது, அதனால் எவ்வளவு கரியமில வாயு மேலே போனது — இதுதான் தலைப்பு.

"நெல் விளையிற ஊர்ல என்னம்மா பெரிய புகை?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இங்க பாருங்க அங்கிள்..." என்று ஒரு கோட்டைக் காட்டினாள். தொடக்கத்தில் அது தரையோடு தரையாகக் கிடக்கிறது. மாடும் மனிதர்களும் மட்டுமே உழைத்த காலம். எழுபதுகளில் மெல்லத் தலைதூக்குகிறது. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் குறுவை நெற்பயிரைக் காப்பாற்ற வந்த ஆயில் என்ஜின்கள்! அப்புறம் டிராக்டர். அப்புறம் பம்ப்செட்டுக்கு இலவசக் கரண்ட் வருகிறது. கோடு கொஞ்சம் நின்று மூச்சு வாங்குகிறது. பிறகு அறுவடை மெஷின், வீட்டுக்கு இரண்டு பைக், வாசலில் கார்... ஏறிய கோடு இறங்கக் காணோம்.

"இலவசக் கரண்ட் வந்தப்ப புகை குறைஞ்சிடுச்சா?"

"எங்க குறைஞ்சுது? இடம் மாறிடுச்சு அங்கிள். மோட்டார் இங்க ஓடுச்சு. கரி வேற ஊர்ல எரிஞ்சுது."

உலகம் முழுக்க இதே கதைதானாம். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் மாட்டிக்கொள்ளும் பனியனுக்கான புகை திருப்பூர் கணக்கில் ஏறுகிறது. சென்னையில் ஏசி ஓடுகிறது. புகை அனல்மின் நிலையம் இருக்கும் ஊரின் தலையில். அனுபவிப்பது ஒருவர், ஏட்டில் இருப்பது இன்னொருவர்.

இதைத் தஞ்சாவூர்க்காரனுக்குப் புரியவைக்க ஆராய்ச்சி வேண்டுமா? பினாமி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? அதைச் சொல்லி நானே பெரிதாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"இதுதான் என் தீசிஸ்லயே முக்கியமான சாப்டர்" என்று அடுத்த பக்கத்தைத் திறந்தாள். டீசலுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், சாகுபடி நிலம் இருந்தவர்களுக்கு பர்மிட் போட்டுத்தான் டீசல் கொடுத்தார்களாம். பாபநாசம் பக்கத்து ஊர் ஒன்றின் பர்மிட் ஏடு, செல் அரித்தது போக மிச்சம், அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அது என் சொந்த ஊர்.

"ஆச்சரியம் என்னன்னா, பெரிய மிராசுதாருங்கள விட தெற்குத் தெருக்காரங்கதான் ஏக்கருக்கு அதிகமா டீசல் எரிச்சிருக்காங்க. அதுலயும் கோவிந்தன்னு ஒருத்தர்... அவர்தான் முதல் ஆள். உங்க ஊர்தானே, தெரியுமா அங்கிள் இவரை?"

கோவிந்தனைத் தெரியாதா எனக்கு? தெற்குத் தெரு கூலியாட்களின் தெரு. அவர் எங்கள் வீட்டுப் பண்ணையாள். எங்கள் ஆயில் என்ஜினை ஓட்டியவர். அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

அப்புறம் எப்படி பர்மிட்? அந்தக் காலத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம், மிச்சத்தை நிலமில்லாதவர்களுக்குக் கொடு என்று சீலிங் என்கிற உச்சவரம்புச் சட்டம் வந்தது. உடனே எங்கள் பக்கத்து மிராசுதார்களுக்குத் தருமசிந்தனை பொங்கிவிட்டது. சமையல்காரர் பேரில், வண்டிக்காரர் பேரில், செத்துப்போன அத்தை பேரில் எல்லாம் நிலத்தை எழுதிவைத்தார்கள். காகிதத்தில் மட்டும். என் அப்பா கோவிந்தன் பேரில் மூன்று ஏக்கர் எழுதினார். நிலம் வந்ததால் பர்மிட் வந்தது. பர்மிட் வந்ததால் டீசல் வந்தது. எங்கள் மற்ற வயல்களுக்கானதையும் அதே பர்மிட்டில் வாங்கியதால் அவர் ஏக்கர் கணக்கு எகிறியது. எல்லாம் நேராக எங்கள் என்ஜினுக்குப் போனது.

இதை அப்போதே நிவேதாவிடம் சொல்லியிருக்க வேண்டுமா, இல்லையா?

"பேர் கேள்விப்பட்ட மாதிரி இருக்கும்மா..." என்றேன்.

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு நியாயம் பேசுகிறவன் சொன்ன பதில் இது. இறந்துபோன அப்பாவை இப்போது எதற்கு இழுக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு. ஆனால் மாதக் கடைசியில் அவள் தீசிஸைக் கொடுத்துவிடுவாள். அச்சில் வந்துவிட்டால் அப்புறம் அதுதான் வரலாறு. காலமெல்லாம் எங்களுக்காக உழைத்த மனிதரின் தலையில், எங்கள் புகையையும் ஏற்றியாகிவிடும். அது தெரிந்தும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "அங்கிள், கோவிந்தனோட பொண்ணைக் கண்டுபிடிச்சுட்டேன்! பாபநாசத்துலயே இருக்காங்க. ரிட்டயர்டு நர்ஸ். நாளைக்குப் பார்க்கப் போறேன், நீங்களும் வாங்க."

முட்டிவலி என்று சொல்லலாமா என யோசித்தேன். வலி இருப்பது உண்மைதான். ஆனாலும் போனேன்.

கோவிந்தனின் மகள் செல்வி என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "பெரிய வீட்டுத் தம்பிதானே? வாங்க சார், உக்காருங்க." டீ வந்தது. நிவேதா கேள்விகளை ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, உங்கப்பா பேர்ல வருஷக்கணக்கா டீசல் வாங்கியிருக்காங்க. சொந்தமா என்ஜின் வச்சிருந்தாரா?"

செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கப்பாவா? எங்க வீட்டு சிம்னி விளக்குக்கே மண்ணெண்ணெயப் பாத்துப் பாத்து ஊத்துவோம் பாப்பா. என்ஜின் ஓட்டுனாரு. என்ன குளிச்சாலும் அவரு மேல டீசல் நாத்தம் போவாது. ஆனா என்ஜின் எங்களுது இல்ல."

"ஆனா பர்மிட் நிலத்துக்குத்தானே ஆன்ட்டி? மூணு ஏக்கர்னு போட்டிருக்கே?"

செல்வி டம்ளரைக் கீழே வைத்தார். நிவேதாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எங்கப்பா பேர்ல நிலம் இருந்துச்சா சார்?"

இதற்கு மேல் எங்கே ஒளிவது?

"இருந்துச்சும்மா. பேர்ல மட்டும். சீலிங் வந்தப்ப எங்கப்பா எழுதிவச்சாரு. அப்புறம் திரும்ப எழுதி வாங்கிக்கிட்டாரு. டீசல் பூரா எங்க என்ஜினுக்குத்தான். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். இந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

நிவேதா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். செல்வி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் உயரவே இல்லை.

"அவருக்குத் தெரிஞ்சிருக்காது சார். கைநாட்டு வைக்கச் சொன்னா வைப்பாரு. தெரிஞ்சிருந்தா சும்மா இருந்திருக்க மாட்டாரு. கூலி நெல்லக் கூட்டிக் குடுங்கன்னு கொடி புடிச்சு நின்னு அடி வாங்குனப்ப, இதையும் சேத்துக் கேட்டிருப்பாரு. கேட்டுட்டு, இன்னும் ரெண்டு அடி சேத்து வாங்கியிருப்பாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா செய்ததை நினைத்து மட்டும் இல்லை. நான் சொன்ன பொய் இன்னும் ஒரு வாரம்கூடப் பழசாகவில்லை.

பர்மிட் ஏட்டின் படம் திறந்திருந்த லேப்டாப்பை நிவேதா தன் பக்கம் இழுத்தாள். "சாப்டரே தப்பு ஆன்ட்டி... ஸாரி. உங்கப்பா பேரையே எடுத்துடறேன்."

"இரு பாப்பா" என்று செல்வி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இது அவரு வச்ச கைநாட்டா?"

நிவேதா பெரிதாக்கிக் காட்டினாள். மங்கிப்போன ஒரு கட்டைவிரல் ரேகை. செல்வி அதன் மேல் தன் விரலை வைத்தார்.

"ஒரு போட்டோ எடுத்ததில்ல அவரு. அவரு பேரு போட்ட ஒரு காயிதம் எங்ககிட்ட கிடையாது. இதுதான் மொத..." என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பேர எடுக்காத. பேரு இருக்கட்டும். என்ஜின் ஓட்டுனவருன்னு போடு. புகைய மட்டும் எடுத்துடு."

"எடுத்து யார் பேர்ல போடறது ஆன்ட்டி? எரிஞ்சது எரிஞ்சதுதானே?"

செல்வி எழுந்தார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அப்பாவின் பெயரை இனிஷியலோடு சொன்னேன். நிவேதா டைப் செய்தாள். ஸ்பெல்லிங் சரியா என்று ஒருமுறை கேட்டாள். சரி என்றேன்.

சீலிங் காலத்தில் எல்லாவற்றையும் ஊரார் பேரில் எழுதிவைத்த மனிதர். ஒன்றாவது சொந்தப் பேரில் இருக்கட்டுமே, அப்பா!