ஆற்று வளைவில் நாலு கார்

அந்த இடம் எது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை வாயைத் திறந்ததே போதும். சிட்னிக்கு மேற்கே, நெப்பியன் ஆற்றில் ஒரு வளைவு. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

எழுபதுகளின் நடுவில் சிட்னியின் புறநகரான டூங்கபியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் நானும் மனைவியும் இருந்தோம். ஊரில் நான் எஞ்சினியர். இங்கே வந்ததும் என் பட்டத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இயந்திர உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் படம் வரைகிற மேசையில் உட்கார வைத்தார்கள். மூன்று வருடம் அந்த மேசையில் யாரோ யோசித்ததை நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

என் தம்பி யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறையில் லேத் மெஷினில் வேலை செய்தான். அங்கே நாளுக்கு நாள் நிலைமை கெட்டுக்கொண்டு வந்தது. அவனை இங்கே எடுப்பிக்க வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே யோசனை. வேலை தருவதாக ஒரு முதலாளியின் கடிதம் இருந்தால் விண்ணப்பத்தைப் பார்க்கலாம் என்று குடிவரவு அலுவலகத்தில் சொன்னார்கள். எங்கள் தொழிற்சாலையில் லேத் வேலைக்கு ஆள் எடுப்பது போர்மன் கையில் இருந்தது. அவன் ஆளைக் காட்டினால் மனேஜர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பார். அந்தக் கடிதத்துக்காகத்தான் போர்மனோடு மீன் பிடிக்கப் போனேன் என்றால் அது பாதி உண்மை. மீனும் பிடித்திருந்தது, அவனையும் பிடித்திருந்தது.

வெள்ளைக்காரன், அவனுக்கும் என் வயதுதான். வெயிலில் சிவந்த கழுத்து, சுருக்கமான பேச்சு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேலை மேசையில் இருந்தபடி தேவதாரு மரத்துண்டைச் சீவிக்கொண்டிருப்பான். லூர் என்பார்கள், மரத்தில் செய்கிற பொய்மீன். விரல் நீளத்தில் உடம்பு, வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மும்முனைக் கொக்கி. நான் ஒருநாள் அதைக் கையில் வாங்கி, எடை நடுவில் இல்லையே, முன்னால் அல்லவா இருக்கிறது என்று சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் அவனுடைய வான் நின்றது. கூரையில் தகரப் படகு.

நான் என் சாமானோடு போய் ஏறினேன். சாமான் என்றால், பால்மா டின்னில் சுற்றிய தடித்த தங்கூசி, நைலோன் நூல், பெருவிரல் அளவில் ஒரு தூண்டில். ஊரில் கடலுக்கு அதுதான் எங்களுக்குத் தெரியும். அவன் நூலை இழுத்துப் பார்த்தான்.

"இதால் நாயைக் கட்டலாம்" என்றான்.

தன்னுடைய மெல்லிய பைபர்கிளாஸ் தடி ஒன்றையும், சின்ன றீலையும், தலைமயிரை விடக் கொஞ்சம் தடித்த நூலையும் தந்தான். நூல் மெல்லியதாக இருந்தால்தான் லூர் தூரம் போகும், தண்ணீரில் உயிருள்ளதுபோல் அசையும் என்றான். தடித்த நூல் போட்டால் மீன் அறுத்துக்கொண்டு போகாது, ஆனால் கிட்ட வரவும் வராது. விடியலில் கறுப்பு லூர்; மங்கலில் கீழிருந்து பார்க்கிற மீனுக்கு வானத்துக்கு எதிரே கறுப்புத்தான் தெளிவாகத் தெரியுமாம். வெயில் ஏறினால் முன்னால் தகர உதடு வைத்த பழுப்பு லூர். அது முக்குளித்து ஆழத்தில் ஓடும். மார்கழியில், இங்கே அது கோடை, சில்வண்டு கத்தத் தொடங்கினால் லூரே வேண்டாம். மரத்தில் ஒரு வண்டைப் பிடித்துக் கொக்கியில் குத்தித் தண்ணீருக்கு மேலே படபடக்க விட்டால் போதும்.

வளைவில் ஒரு பெரிய மரம் கரையிலிருந்து சரிந்து ஆற்றுக்குள் விழுந்து கிடந்தது. எத்தனை வருடமாகக் கிடந்ததோ, கிளையெல்லாம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நாங்கள் தேடிப் போனது பாஸ் என்கிற ஆற்றுமீன்; அது வெளியில் சுற்றித் திரிகிற சாதி இல்லை. அந்த மரம்தான் அதற்கு வீடு. கிளைக்கு ஒரு சாண் தள்ளி லூர் விழ வேண்டும். ஒரு முழம் தள்ளினால் மீன் திரும்பியும் பார்க்காது. விழுந்ததும் இழுக்கக் கூடாது. விழுந்த இடத்தில் எழும் வட்டங்கள் அடங்கும் வரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். எனக்கு வராத வேலை அதுதான்.

இருபது தடவை கிளையில் மாட்டினேன். அவன் ஒவ்வொரு தடவையும் படகை வலித்துக்கொண்டு போய்க் கழற்றித் தந்தான். கடைசியில் ஒன்று சரியாக விழுந்தது. வட்டம் அடங்கியது. நுனியை ஒரு சின்ன ஆட்டு ஆட்டினேன். தண்ணீர் வெடித்தது. "விடாதே, மரத்துக்குள் விடாதே!" என்று கத்தினான். முழங்கை நீளம், செப்புக்காசு நிறத்தில் முதுகு. அவன் என் முதுகில் தட்டியது இப்போதும் நினைவிருக்கிறது. இந்த நாட்டில் ஒருவன் என்னைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

படகில் தேத்தண்ணி குடித்தபோது தம்பியைப் பற்றிச் சொன்னேன். ஈஸ்டர் முடிய லேத்தில் நிற்கிற ஒரு கிழட்டுப் பிற்றர் ஓய்வு பெறுகிறான், அந்த இடம் காலியாகும், உன் தம்பியின் சான்றிதழ்களைக் கொண்டுவா, கடிதம் நான் வாங்கித் தருகிறேன் என்றான். பிறகு மரத்தைக் காட்டி, "இது என் அப்பா எனக்குக் காட்டிய இடம். என் மச்சானுக்குக்கூடத் தெரியாது. உனக்குத் தெரியும். அவ்வளவுதான்" என்றான்.

அவ்வளவுதான் என்பதன் பொருள் எனக்கு விளங்கியது. விளங்காமல் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

போர்மன் கடிதம் வாங்கித் தருவான் என்று அன்றே தம்பிக்கு எழுதினேன். நீல வான்கடிதத்தின் பின்பக்கத்தில் அந்தக் கறுப்பு லூரை வேலைத்தளத்தில் வரைவதுபோல மேல், பக்கம், முன் என்று மூன்று தோற்றத்திலும் அளவோடு வரைந்தேன். அவன் பதில் மூன்று கிழமையில் வந்தது. "அண்ணை, உங்கட போர்மனுக்கு இதைப் போல ஒண்டு நான் கடைஞ்சு அனுப்புறன். என்ர கை வேலையை அவர் பாக்கட்டும்."

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் போனோம். மிஞ்சிய மீனை நான் எங்கள் சனங்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது சிட்னியில் எங்களவர் விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். கடையில் விற்கிற பனிக்கட்டி மீனைத் தின்று நாக்குச் செத்துப்போயிருந்தவர்களுக்கு, அன்று பிடித்த மீனில் சொதியும் பொரியலும் என்றால் சொல்ல வேண்டுமா? எங்கள் எல்லாருக்கும் மூத்தவராக ஒரு கணக்காளர் அண்ணை இருந்தார். பூசை, கூட்டம், சுற்றுலா எதுவென்றாலும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். ஒரு ஞாயிறு அவர் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தம்பி, எந்த ஆறு? என்ன இரை போடுறனீர்?"

நான் சொல்லத் தொடங்கினேன். கறுப்பு லூர், பழுப்பு லூர், சில்வண்டு, விழுந்த மரம், சாண் கணக்கு. பத்துப் பன்னிரண்டு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக நான் ஏதோ தெரிந்தவன். நிறுத்த முடியவில்லை.

"மீனைத் தாறீர், இடத்தைத் தர மாட்டீரோ?" என்றார் அண்ணை. எல்லாரும் சிரித்தார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூத்தவர், நாலு பேருக்கு முன்னால் கேட்கிறார். அடுத்த ஞாயிறு எல்லாருமாகப் போவதென்று அந்த இடத்திலேயே முடிவாகியது. போர்மன் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வீட்டுக்குப் போகிறவன்; தெரியவராது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

காரில் திரும்பும்போது மனைவி, "அந்தாள் உங்களை நம்பித்தானே காட்டினது? தம்பியின்ர அலுவல் முடியிற வரைக்குமாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்" என்றாள். நான் அவள்மீது எரிந்து விழுந்தேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

நாலு கார். புட்டு, கோழிக்கறி, மண்ணெண்ணெய் அடுப்பு, பாய், பிள்ளைகள், கசெற்றில் பாட்டு. எங்களுக்கு ஆறு என்றால் குடும்பத்தோடு போகிற இடம். தனியே ஒருவன் வாய் மூடிக்கொண்டு நிற்கிற இடமல்ல. கணக்காளர் அண்ணை பெட்டியைத் திறந்து ஒரு வீச்சுவலையை எடுத்தார். ஊரிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்ததாம். ஆற்றில் வலை வீசக் கூடாது, சட்டம் என்றேன். "ஆர் பாக்கப் போறான்?" என்றார். இரண்டு தடவை வீசினார். இரண்டு தடவையும் வலை அந்த மரத்தில் மாட்டிக் கிழிந்தது.

"இந்தக் கட்டையை எடுத்தாலல்லோ வீசலாம்" என்றார். ஒருவர் காரிலிருந்து இழுவைக் கயிறு கொண்டுவந்தார். கட்டி இழுத்தார்கள், மரம் அசையவில்லை. அப்போது அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"எஞ்சினியர் தம்பி, எவடத்தில கட்டினால் வரும்?"

எஞ்சினியர். அந்தச் சொல்லைக் கேட்டு மூன்று வருடம். வேண்டாம், அதுதான் மீனின் வீடு என்று சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். நான் காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். வேர் எங்கே மண்ணில் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். கயிற்றை அடியில் கட்டாமல், நடுவில் கிளை பிரிகிற கவரில் கட்டச் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை, முடிச்சையும் என் கையாலேயே போட்டேன். காரைக் கரையோடு சாய்வாக எடுக்கச் சொன்னேன். முதல் இழுப்பிலேயே மரம் முறிந்து சேறும் பாசியுமாகக் கரைக்கு வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது வளைவைச் சுற்றி அந்தத் தகரப் படகு வந்தது. போர்மன் ஏன் அன்றைக்கு மாமியார் வீட்டுக்குப் போகவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துடுப்பைத் தூக்கிவைத்துவிட்டு மரத்தைப் பார்த்தான், வலையைப் பார்த்தான், என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். யாரென்று தெரியாமல் கணக்காளர் அண்ணையின் மனைவி ஒரு தட்டில் புட்டைப் போட்டு, "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று நீட்டினா. அவன் தொப்பியைத் தொட்டு அவவுக்கு மரியாதை செய்துவிட்டுப் படகைத் திருப்பினான். நான் கூப்பிடவில்லை. குனிந்து, அவிழ்ந்துவிட்ட முடிச்சை அவிழ்ப்பதுபோல நின்றேன்.

திங்கட்கிழமை அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவன் வழமைபோல் காலை வணக்கம் சொன்னான், வரைபடங்களை வாங்கிக்கொண்டு போனான். ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு தம்பியின் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு அவன் மேசைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். எங்கள் சனத்தின் வழக்கம் இது, மூத்தவர் கேட்டால் மறுக்க முடியாது என்றெல்லாம் உளறினேன். அவன் காகிதங்களைத் தொடவில்லை.

"ஓர் ஆளைக் கூட்டிப் போனேன், நாலு கார் வந்தது" என்றான். "உன் தம்பிக்குப் பின்னால் எத்தனை கார் வரும்?"

அவ்வளவு காலம் அவன் வாயில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. மரத்துக்காகப் பேசினானா, வந்தேறிகள்மீது முன்பே அவனுக்குள் கிடந்த வெறுப்புக்கு நான் சாட்டுக் கொடுத்தேனா? யோசித்து யோசித்து எனக்கு வயதாகிவிட்டது. முதலாவதென்றால் குற்றவாளி நான். இரண்டாவதென்றால் அவன். இரண்டும் என்றுதான் தோன்றுகிறது, அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை. அவன்மீதும் ஆத்திரம், என்மீதும் ஆத்திரம். கணக்காளர் அண்ணைமீது கூட. அவர் அடுத்த மாதம் வேறு ஆறு கேட்டு போன் பண்ணினார்.

பிற்றர் ஓய்வு பெற்றான். அந்த இடத்துக்கு வேறொருவன் வந்தான். அதற்குப் பிறகுதான், கப்பலில் போட்ட தம்பியின் பார்சல் வந்து சேர்ந்தது. பழைய பத்திரிகையில் சுற்றி, பருத்திப் பஞ்சில் பொதித்து, கருங்காலியில் கடைந்த ஒரு லூர். நான் வரைந்த அளவுக்கு மயிரளவும் பிசகவில்லை. எடை சரியாக நடுவில் இருந்தது. கருங்காலி மிதக்காது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே குடைந்து, காற்று நிற்க விட்டு, தக்கையால் அடைத்திருந்தான்.

அதை வைத்திருக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. கொண்டுபோய்ப் போர்மனின் மேசையில் வைத்து, என் தம்பி உனக்கென்று செய்தது என்றேன். அவன் எடுத்து விரலில் நிறுத்திப் பார்த்தான். தக்கை அடைத்த இடத்தை நகத்தால் தடவினான்.

"நல்ல கை" என்றான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து, அதில் இரண்டு மீன் அடித்தது, உன் தம்பிக்கு எழுது என்று சொல்லிவிட்டுப் போனான். எந்த இடத்தில் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தம்பிக்கென்று நினைத்திருந்த வேலை கைவிட்டுப் போனதை அதுவரை நான் அவனுக்கு எழுதியிருக்கவில்லை. அன்றும் எழுதவில்லை. போர்மனுக்கு உன் லூர் நன்றாகப் பிடித்திருக்கிறது, அதில் இரண்டு மீன் பிடித்திருக்கிறான், உன் கையை மெச்சினான் என்று எழுதிப் போட்டேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மூன்று கிழமையில் பதில் வந்தது. வழக்கமாக ஓரம் வரை நெருக்கி எழுதுகிறவன், இந்தத் தடவை இரண்டே வரி எழுதியிருந்தான்.

"அண்ணை, மீன் பட்டது பெரிய சந்தோசம். அப்ப கடிதம் கெதியா வருமெல்லோ, நான் பட்டறையில சொல்லிப்போட்டு வேலையால நிண்டிட்டன்."