காணப்படுகிறது

ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்த நெறியாளர் ஒரே ஒரு குறைதான் சொன்னார்: என் வினைச்சொற்களில் உயிரில்லை. ‘காணப்படுகிறது’, ‘ஏற்படுகிறது’, ‘மேற்கொள்ளப்பட்டது’ என்று பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சுழித்திருந்தார். எது எதைச் செய்தது என்று நேராக எழுத வேண்டுமாம். திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. கெஞ்சி வாங்கிய அவகாசம் அது. இனி எந்த முகத்தோடு போய் நிற்பது?

தலைப்பு, விசைத்தறி ஓட்டுகிறவர்களின் செவித்திறன். பள்ளிப்பட்டுப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கி விசாரித்தேன். திருத்தணியில் எங்கள் வீட்டிலேயே தறி ஓடுகிறது. நைனாவும் அம்மாவும்தான் ஓட்டுகிறார்கள். சொந்த வீட்டைச் சேர்த்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். பெரிய நியாயவாதி நான்.

அவசரத்தில் ‘காணப்படுகிறது’ எல்லாவற்றையும் ‘தாக்குகிறது’ என்று மாற்றக் கணினிக்கு உத்தரவு போட்டேன். ‘பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி தாக்குகிறது’ என்று வந்து நின்றது. சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அதைப் பழையபடி ஆக்கிவிட்டு ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். ‘செவித்திறன் குறைபாடு காணப்படுகிறது’ என்ற இடத்தில் கை ஓடவில்லை. கெடுத்தது தறியா, முதலாளியா, காதில் பஞ்சு வைக்காத இவர்களேயா? எனக்கு அழுகை முட்டியது.

ஞாயிறு மதியம் கரண்ட் போய்த் தறி நின்றது. அன்று கிருத்திகை. மலைக்குப் போகும் வண்டிகளின் ஹாரன் சத்தம் வீட்டுக்குள் வந்தது. அம்மா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். காப்பி கேட்டேன். திரும்பவில்லை. உரக்கக் கேட்டேன். அப்போதும் இல்லை.

தறி இரைச்சலில் நாங்கள் தோளைத் தொட்டு, வாயசைவு பார்த்தே பேசிப் பழகியவர்கள். அதனால் யாருக்குக் காது போனாலும் வீட்டில் தெரியாது. எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டேன்.

“கரண்ட் போச்சும்மா. கூப்பிட்டது கேக்கலயா?”

“எங்க போச்சு? தறி ஓடிகினு இருக்குதே.”

நின்றுகிடந்த தறியைக் கைகாட்டினேன். பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: “ஆங், எனக்கு எப்பவும் அப்படித்தான். படுத்தாலும் ஓடிகினே இருக்கும். நீ படிச்சி முடி, அப்புறம் நிறுத்திக்கலாம்னு நைனா சொல்லிகினு இருக்காரு.”

திரும்பி வந்து அந்த வரியை அழித்தேன். ‘எங்கள் தறி என் அம்மாவின் காதைக் கெடுத்தது. அந்தத் தறி என்னைப் படிக்க வைத்தது’ என்று எழுதினேன். நடுநிலை போயிற்று, பதிவும் போகலாம். தாங்க முடியாமல் வாய்விட்டு அழுதேன். அம்மா எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பவில்லை.