ஏகாதசியன்று போட்ட ஊசி

என்னைக் கண்டாலே வார்டில் இருக்கிறவர்கள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்கள். அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். மற்ற வேலையெல்லாம் வந்தது. சலைன் ஏற்ற நரம்பில் ஊசி போடுவது மட்டும் வந்து தொலையவில்லை.

தப்பு என் மேலா? வாழைத்தண்டின் மேல்! காவிரிக்கரையில் அதற்கென்ன பஞ்சம்? தண்டுக்குள் ரப்பர் குழாயைச் செருகி, சிவப்பு மை கலந்த தண்ணீரை விட்டு, அதில்தான் எங்களைப் பழக்கினார்கள். தண்டில் ஓங்கிக் குத்தினால்தான் ஊசி உள்ளே போகும். அதே வேகத்தில் மனுஷக் கையில் குத்தினால்? நரம்பின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடும். கை வீங்கும். நோயாளி என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்.

"இன்னிக்கும் நரம்பு கிடைக்கலைன்னா பெட்டியைக் கட்டு" என்றார் எங்களுக்குப் பாடம் எடுத்த ட்யூட்டர் சிஸ்டர். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. லால்குடியில் அப்பா வேறு, "அழுதுகிட்டே திரும்பி வருவா பாருங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தோற்றுப்போய் அவர் முகத்தில் முழிக்கிறதா? செத்தாலும் மாட்டேன்.

அன்றைக்கென்று பார்த்து வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதமாம். நீர் வற்றி, நரம்பெல்லாம் உள்ளே பதுங்கியிருந்தது. மேல்கையில் ரப்பர் குழாயைக் கட்டினேன், தட்டினேன், தடவினேன். ஹூம்! பழகினவர்களுக்கே அகப்படாது, எனக்கா அகப்படும்?

போதாததற்கு அவருக்கு நினைவு வேறு வந்துவிட்டது. சலைன் பாட்டிலைப் பார்த்தார். "என்னது அது? விரதத்தைக் கெடுக்கப் பாக்கறேளா?"

"வாய் வழியாப் போகலீங்களே, கை வழியாத்தானே போகுது" என்றேன்.

"எந்த வழியாப் போனா என்ன? உள்ளேதானே போறது?"

நியாயமான கேள்விதான். ட்யூட்டர் சிஸ்டர் சர்ச்சுக்குப் போகிறவர். 'நீ நரம்பைத் தேடு' என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

பக்கத்தில் நின்ற விரதக்காரரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்னா, போன ஏகாதசிக்கு அடுக்களைக் கதவைச் சாத்திண்டு காராசேவு தின்னேளே, அது எந்த வழியாப் போச்சு?"

வார்டே கொல்லென்று சிரித்தது. "அபாண்டம்! யாருடி பார்த்தா?" என்று முஷ்டியை மடக்கிக்கொண்டு கத்தினார். அடடா! முழங்கை மடிப்பில் ஒரு நரம்பு புடைத்துக்கொண்டு எழுந்தது.

"நீ போடும்மா, இவர் கிடக்கார்" என்றாள் மாமி.

பூத் தொடுக்கிற நிதானத்தில் ஊசியைச் சாய்த்துச் செலுத்தினேன். ஊசியின் பின்பக்கம் ரத்தம் எட்டிப் பார்த்தது. நரம்பு அகப்பட்டுவிட்டது! கட்டை அவிழ்த்து, பாட்டில் குழாயை மாட்டி, பிளாஸ்திரி ஒட்டி முடிக்கிறவரை அவர் மாமியோடு மல்லுக்கு நின்றார். அப்புறம்தான் குனிந்து பார்த்தார். சலைன் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"யார் குத்தினது?"

ட்யூட்டர் சிஸ்டர் என்னைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணா?" கோபமாகத்தான் சொன்னார். "வலிக்கவே இல்லையே!"

என்னிடம் ஒருத்தர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வார்டு நடுவில் நின்று ஓவென்று அழுதேன். ட்யூட்டர் சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விரதத்தைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அந்த மனுஷரே என்னைச் சமாதானம் பண்ணினார்.

"அழாதேம்மா. பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன்."