ஜன்னல் இல்லாத மேற்குச் சுவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. 1994 நவம்பரில், தினமும் எட்டு மணி நேரம் நான் உட்கார்ந்திருந்த ஆபீஸில் நடந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தை வரைந்து கட்டியவர் என் கணவர் ஜெபசீலன். வளைவு இல்லை, பூவேலை இல்லை, ஒரே சாம்பல் நிறம். ரயிலைப் பார்த்த மேற்குச் சுவரில் ஜன்னல்கூட இல்லை. மூன்றாம் மாடியில் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட்.

"தீப்பெட்டியை நிமிர்த்தி வெச்ச மாதிரி இருக்கு தபீதாக்கா" என்பாள் பக்கத்து மேஜை திரிபுரசுந்தரி. "உங்க வீட்டுக்காரர் ஸ்கேலைத் தவிர வேற எதையும் தொட மாட்டாரா?"

"கத்தாம இருக்கிறதும் ஒரு அழகுதான் சுந்தரி."

"கத்த வேணாம்க்கா. கொட்டாவி விடாம இருந்தா போதும்."

'கத்தாத அழகு' என்பது அவருடைய சொல். அதை நம்பித்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். அந்தச் சுவரை யாராவது கேலி செய்தால், என் கல்யாணத்தையே கேலி செய்வதுபோல எனக்கு வலிக்கும்.

கட்டும்போது சாரத்தில் திருஷ்டி பொம்மை தொங்கவிடக்கூட அவர் சம்மதிப்பதில்லை. ஒரே ஒரு முறைதான் விட்டுக்கொடுத்தார் என்று நினைத்திருந்தேன். 92 பொங்கலன்று அம்மா வீட்டிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். சிக்னலுக்காக வண்டி நின்றது. பாதி கட்டிய கட்டடம். மேற்குப் பக்கம், மூன்றாம் மாடி உயரத்தில், காக்கிச் சட்டை போட்ட பொம்மை. அதன் ஒரு கை மெல்ல ஆடியது. சிரித்துக்கொண்டே நானும் கையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரைச் சீண்டினேன். "உங்க கட்டடத்துலயும் பொம்மை தொங்குதே! எனக்கு டாட்டாகூடக் காட்டுச்சு."

அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஆளுங்க ஆசைப்பட்டாங்க. விடு. காத்துல ஆடியிருக்கும்."

சாப்பிட்டதும், சைட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வருவதாக ஸ்கூட்டரை எடுத்தார். சீக்கிரமே திரும்பி வந்து படுத்துவிட்டார். வேலையாட்களின் ஆசைக்காகத் தன் ரசனையை விட்டுக்கொடுத்தாரே என்று, அன்றிரவு அவர்மேல் எனக்கு அன்பு கூடியது.

இனி அந்த நவம்பர் மாலை.

நல்ல மழை. ஆறு பத்துக்கு கரண்ட் போனது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவர் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்ததால் நான் மட்டும் இருந்தேன்.

சரக்... சரக்...

மரத்தில் கயிறு உரசுகிற சத்தம். மேற்குச் சுவரின் பக்கமிருந்து.

ஈர சிமெண்ட் வாசனை. நேற்று பூசியதுபோல.

பிறகு சுவரில் ஒரு சதுரம் வெளுத்தது. வெளிச்சம்... ஒரு ஜன்னல் அளவுக்கு.

வெளியே மழை. அந்தச் சதுரத்தில் மட்டும் வெயில்.

அதில் ஒரு ஆள். காக்கிச் சட்டை. இடுப்பில் கயிறு.

தலை தொங்கியிருந்தது.

ஒரு கை... மெல்ல... ஆடியது.

சரக்...

"அக்கா..."

வறண்ட குரல்.

"கையாட்டினீங்களே... யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே வாட்ச்மேன் முனிரத்தினம் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். கட்டும்போது இங்கே மேஸ்திரியாக இருந்தவர்.

"இன்னாம்மா, பேய் அறைஞ்ச மாதிரி கீறே?"

"அண்ணா... பொங்கலுக்கு இங்க கட்டியிருந்தீங்களே ஒரு திருஷ்டி பொம்மை..."

"பொம்மையா? சாரு கூடவே கூடாதுன்னுட்டாரே. நாங்க எங்க கட்னோம்?"

அன்று ரயிலிலிருந்து பார்த்ததைச் சொன்னேன். அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீ பார்த்தது குப்புராஜும்மா. பூச்சு வேலைக்காரன். நாங்க எல்லாம் ஊருக்குப் போய்ட்டோம். லீவு நாள்ல அவனை மட்டும் சாரு ஏத்தி வுட்டுட்டாரு. வழுக்கி, கயித்துல மாட்டிகினான். ரயில்ல போனவன் எல்லாம் பொம்மைன்னு நெனச்சுகினு போயிருப்பான். வெளிய பேசக் கூடாதுன்னு சாரு கண்டிசனா சொல்லிட்டாரு. அப்பாலதான் அந்தப் பக்கத்து ஜன்னலை எல்லாம் அடைச்சாரு."

"எப்போ... எப்போ செத்தார்?"

"மாட்டுப் பொங்கல் காலைல வரைக்கும் உசுரு இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாராம்."

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹார்ன் சத்தம். வழக்கம்போல ஒரே ஒரு முறை, மென்மையாக.

மேலே கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

சொன்னேன். பொங்கலன்று சாயங்காலமே சொன்னேன்.