அந்த லென்ஸில் குறை இல்லை

"ஏம்மா, பூவைப் படம் எடுத்தா லென்ஸோட யோக்கியதை தெரிஞ்சிருமாக்கும்?"

கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி கேட்டது. கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

"தெரியும் அண்ணாச்சி" என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வராது... அதுதான் வியாதி.

அவரிடம் இரண்டு பழைய கேமராக்கள். ஒன்று துருத்தி போல விரியும். மற்றது பெட்டி, முன்னால் இரண்டு கண்.

"ரெண்டையும் கொண்டு போ. நல்லதை நீ வச்சுக்க. மத்ததைக் கேட்டு கயத்தாறு வாத்தியார் ஒருத்தர் நிக்காரு. ஷோகேஸ்ல வைக்கிற மாதிரி ஒரு படம் கொண்டா. சடங்கு வீடு, வளைகாப்புக்கெல்லாம் நீயே போ. பொம்பளையாளுக ஆம்பளை முன்னால நிக்கக் கூச்சப்படுதாவ."

வேலை! எனக்கு! அதுவும் கேமராவோடு!

எங்கள் பருத்திக்காட்டில் ஒரு பூவுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். அதே பூ, அதே தூரம், கேமரா மட்டும்தான் வேறு. விஞ்ஞானம் படித்தவள் இல்லையா? காலையில் துருத்தி. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. உச்சி வெயிலில் வேண்டாமென்று பெட்டியைச் சாயங்காலம் கொண்டுபோனேன். பூ லேசாகச் சிவந்து தெரிந்தது. மாலை வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்தன. துருத்தியில் பூ பளிச்சென்று வெள்ளை. பெட்டியில் அழுக்குச் சாம்பல், சுருங்கிப்போன இதழ். பெட்டியின் லென்ஸ் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன். எங்கே எழுதினேன்? போன வாரம், இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில் — என்ன பெருமையாக! பெட்டி அன்றைக்கே கயத்தாறு போய்விட்டது.

நேற்று பெரியம்மா மகள் பேச்சி வந்தாள். என் வயதுதான். மூன்றாம் வகுப்போடு நின்றவள், பருத்தி எடுக்கப் போகிறாள். படங்களைப் பார்த்தாள்.

"என்னட்டி, காலைப் பூவையும் சாயங்காலப் பூவையும் எடுத்து வச்சிருக்க?"

"எப்படிட்டி சொல்லுத?"

"இது ஒரு கேள்வியா? காலையில விரியும், சாயங்காலம் சிவந்து சுருங்கும். நீ காட்டுல பாடுபடுற சம்சாரி மவதானே? இல்ல, பள்ளிக்கூடத்துல அதையும் அழிச்சு விட்டுட்டாவளா?"

எனக்கா தெரியாது? நடக்கப் பழகினதே அந்தக் காட்டில். நூலைப் பார்த்தேன், தூரத்தைப் பார்த்தேன், நிழலைப் பார்த்தேன்... பூவைப் பார்க்கவில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். பூ மாறும், பக்கத்து இலை மாறாது அல்லவா? பெட்டியின் படத்தில் இலையின் ஒவ்வொரு நரம்பும் ஊசியால் கீறியதுபோல் நிற்கிறது. துருத்தியின் படத்தில் அதே இலை ஈரத்தில் கலைந்த மை. நாளைக்கு ஒரு சடங்கு வீட்டுப் பிள்ளையின் முகமும் இப்படித்தான் கலையும். ஷோகேஸ் படம் இதில் இந்த ஜென்மத்தில் வராது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சரிம்மா... விடு. வேலைக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

சிரித்திருந்தால் தேவலை.

ஒரே ஒரு வழி பாக்கி. வாத்தியாரிடம் துருத்தியைக் கொடுத்து, பெட்டியைக் கேட்பது. பூக்களைக் காட்டினால் போதும், சந்தோஷமாக மாற்றிக்கொள்வார். நான் ஏமாந்தது போலவே அவரும் ஏமாறுவார். ராத்திரி முழுக்க அந்த யோசனைதான் ஓடியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

உண்மையைச் சொன்னால் கொடுப்பாரா? மாட்டார். நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

கயத்தாறு பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஏறுவதற்கு முன்னால் கத்தரிக்கோல் எடுத்து, இரண்டு படங்களிலும் பூவை வெட்டிப் போட்டுவிட்டேன்.

பையில் துருத்தியோடு இருப்பது இரண்டு இலைகள் மட்டும்.